ராகு காலம் பார்க்க வந்தவரை வழிமறிக்காதீர்கள்: ஆப்பில் சம்பாதிக்க நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு பஞ்சாங்க ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டுக்கு. மூன்று மாதம் ராத்திரி கண்விழித்து எழுதியது. 25 டாலர் கட்டி பிளே ஸ்டோரில் கணக்கும் திறந்தாயிற்று. "முதலில் சும்மா கொடுப்போம், பத்தாயிரம் பேர் சேர்ந்ததும் 99 ரூபாய் விலை வைப்போம்" என்று திட்டம்.

இந்தத் திட்டம் நடக்காது. பிளே ஸ்டோரில் ஒருமுறை இலவசமாக விட்ட ஆப்பை அப்புறம் விலைக்கு மாற்ற முடியாது. விலை வைத்தே ஆக வேண்டுமென்றால் வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயர் அது) புது ஆப்பாகப் போட வேண்டும். பத்தாயிரம் பேர், அவர்கள் போட்ட நட்சத்திரம், எழுதிய ரிவ்யூ எல்லாம் பழைய ஆப்போடு நின்றுவிடும். விலைக்கு விட்டதை இலவசமாக்கலாம். ஆக்கிய பிறகு அங்கேயும் திரும்ப வழி கிடையாது. இலவச ஆப்புக்குள் ஒரு வசதிக்கு மட்டும் காசு வாங்குவது வேறு விஷயம், அதை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

இந்தத் தொழிலில் தவறுகள் இரண்டு ரகம். அடுத்த அப்டேட்டில் சரிசெய்துவிடக்கூடியது ஒன்று. செய்துவிட்டால் செய்ததுதான் என்பது இன்னொன்று. பேனரை, அதாவது திரை ஓரத்து விளம்பரப் பட்டையை, மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று முதல் ரகத்துக்காக வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, இரண்டாவது ரகத்தில் யோசிக்காமல் காலை விடுகிறவர்களே அதிகம்.

இரண்டாவது ரகத்தில் தலையாயது, சொந்த விளம்பரத்தைத் தானே தட்டுவது. ஆப் வெளிவந்த அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போகும். கூடவே ஒரு வரி: "எல்லாரும் இன்ஸ்டால் பண்ணி, கீழே வர்ற விளம்பரத்தை ஒரு தடவை தட்டி விடுங்க." சித்தப்பா பாசத்தில் பத்து தடவை தட்டுவார். ஆப்களுக்கு விளம்பரம் கொடுக்கும் கூகுளின் ஆட்மாப் போன்ற வலைகள் இதைச் செல்லாத கிளிக் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். தட்டச் சொல்லிக் கேட்பதே விதிமீறல். முதலில் விளம்பரம் வருவது குறையும், முற்றினால் கணக்கே மூடப்படும், சேர்ந்த பணமும் போகும். ஓர் ஆளுக்கு ஒரே கணக்குதான் என்பதால் வேறு மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்குவதும் எடுபடாது. சித்தப்பாவிடம் ஐந்து நட்சத்திரம் கேளுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆப்பைத் தினமும் திறக்கிறாரா என்று பாருங்கள், அது போதும்.

நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமே? அதற்குத்தான் சோதனை விளம்பர எண்கள். கூகுள் கொடுக்கும் அந்த எண்களில் 3940256099942544 என்ற வரிசை இருக்கும். விளம்பரத்தின் மேலேயே 'டெஸ்ட் ஆட்' என்று எழுதி வரும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சோதனை எண்ணை மாற்ற மறந்து அப்படியே வெளியிட்டுவிட்டு, "ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஒரு பைசா வரவில்லை" என்று தலையில் கை வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது முதல் ரகம். அப்டேட் போட்டால் சரி.

இப்போது ஆப்பைப் பயன்படுத்துகிறவர் பக்கம் போவோம். காலை ஆறரை மணி. ஒரு கையில் காபி டம்ளர். நம் பஞ்சாங்கத்தைத் திறக்கிறார். இன்று என்ன திதி, ராகு காலம் எப்போது, வண்டி எடுக்க நல்ல நேரம் இருக்கிறதா. பத்து நொடி. மூடிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பத்து நொடிக்குள் முழுத்திரை விளம்பரம் வந்து ஐந்து நொடி பிடுங்கினால் என்ன ஆகும்? நாளைக்கு அவர் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரையே பார்த்துக்கொள்வார். அதில் விளம்பரம் வந்தாலும் நல்லி சில்க்ஸ் மாதிரி ஓரமாக நிற்கும்.

இப்படி இடையில் விளம்பரம் விடும் வழிமுறை எங்கிருந்து வந்தது என்றால், விளையாட்டு ஆப்களிலிருந்து. வியட்நாம்காரர் டாங் நுயென் 2013 மே மாதம் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட், விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை ஈட்டுவதாகச் செய்தி வந்தது. 2014 பிப்ரவரியில் அவரே அதை எடுத்துவிட்டார். அந்த விளையாட்டில் குருவி சில நொடிக்கொருமுறை செத்து விழும், ஆள் விடாமல் மறுபடி ஆடுவார், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் தானாகவே ஓர் இடைவெளி விழும். பஞ்சாங்கத்தில் யாரும் சாவதில்லை, இடைவெளியும் இல்லை. ஆப்பைத் திறந்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் முழுத்திரை விளம்பரம் பாய்வது விதிப்படியும் தவறு. 15 நொடி கழிந்தும் மூட முடியாதபடி நிற்கும் அத்தகைய விளம்பரத்தை 2022 செப்டம்பர் 30 முதல் பிளே ஸ்டோர் ஏற்பதில்லை.

பேனர் போதும் என்று முடிவு செய்தாலும் இடம் பார்க்க வேண்டும். திரையின் அடியில் 'நாளை' என்ற பட்டன், அதை ஒட்டி பேனர். விரல் சற்று வழுக்கினால் விளம்பரம். முதல் வாரம் கிளிக் எகிறும், உங்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது கைதவறிய கிளிக், அதுவும் செல்லாத கணக்கில்தான் போய்ச் சேரும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது விடுங்கள்.

அப்போ காசு எப்படி? என் கட்சி, இந்த மாதிரி ஆப்புக்கு 'விளம்பரத்தை நீக்க ஒரே தடவை கட்டணம்' என்பதுதான். மாதச் சந்தா வேண்டாம். நாமே சர்வர் வைத்து மாதாமாதம் செலவு செய்கிறோம் என்றால் சந்தா கேட்பதில் நியாயம் உண்டு. திதி போனிலேயே கணக்கிட்டு வருகிறது. அதற்கு மாத வாடகை கேட்டால் ஆள் நேராக ரிவ்யூவுக்குப் போவார்.

கட்டணம் வைத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒருவர் 99 ரூபாய் கட்டுகிறார். உங்கள் ஆப் விளம்பரத்தை நீக்கிவிடுகிறது. எல்லாம் சரி. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பணம் அவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. அடுத்தவருக்கும் அப்படியே. "நம் ஜனங்கள் வாங்கிவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்கள்" என்று கோபம் வரும். அவர்கள் யாரும் கேட்கவில்லை. வாங்கியது வந்து சேர்ந்தது, கொடுத்துவிட்டேன் என்று உங்கள் ஆப் பிளே ஸ்டோருக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்குள் அது போகவில்லையென்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். சோதனைக் கணக்கில் வாங்கிப் பாருங்கள்; அங்கே அந்த மூன்று நாள் மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும், டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

அந்த 99 ரூபாய் முழுதாகக் கைக்கு வராது. 2021 ஜூலையில் வந்த ஏற்பாட்டின்படி ஆண்டு வருமானத்தில் முதல் 10 லட்சம் டாலருக்குக் கமிஷன் 15 சதவீதம். நமக்கெல்லாம் அந்த எல்லை கண்ணுக்கே தெரியாது என்பதால் 84 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மிச்சம் பிடிக்க ஆப்புக்குள் சொந்த ஜிபே கியூஆர் படத்தை ஒட்டி, "ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், திறந்து விடுகிறேன்" என்பது நம் ஊர்ச் சாமர்த்தியம். ஆப்பை எடுத்துவிடுவார்கள். இந்தியாவில் மாற்றுக் கட்டண வழியைக் கூடவே காட்ட அனுமதி உண்டு. அதற்குத் தனியே பதிவு செய்ய வேண்டும், அப்படியும் குறைவது 4 சதவீதப் புள்ளிதான். பெரிய நிறுவனங்களே இதில் மல்லுக்கட்டின. 2024 மார்ச் தொடக்கத்தில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்கள் கட்டணத் தகராறில் பிளே ஸ்டோரிலிருந்து சில நாள் காணாமல் போயின.

ராசிபலனை நாளிதழிலிருந்து எடுத்துப் போட்டு அதன் அடியில் விளம்பரம் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு காப்புரிமைப் புகார் போதும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துகள் வேறு கணக்கு.

பணம் வாங்குகிற இடத்திலும் தடுக்கும். ஆட்மாபில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் (பின்) வரும். நான்கு மாதத்துக்குள் அதை உள்ளிடவில்லை என்றால் விளம்பரம் நின்றுவிடும். கணக்கைத் திறக்கும்போது சென்னை விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு, இப்போது ஊரில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்துப் பயனில்லை. பெயரும் வங்கிக் கணக்கில் இருப்பதுபோலவே இருக்கட்டும். 100 டாலர் சேரும்வரை ஒரு ரூபாயும் வராது. சின்ன ஆப்புக்கு அது பல மாதம் ஆகும்.

விலை வைக்கும்போது எல்லா நாட்டுக்கும் ஒரே 99 ரூபாயை டாலராக மாற்றிப் போட்டுவிடுவது இன்னொரு சறுக்கல். நாட்டுக்கு நாடு விலையை மாற்றி வைக்கலாம். நம் பஞ்சாங்கத்துக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பே இருக்கிறது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறுக்கு விடிந்து ஆறுக்கு அடையும் ஊர்க் கணக்கு. பகல் பொழுதை எட்டாக வகுத்து இரண்டாவது பங்கை எடுப்பதுதான் அதன் மூலம். டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் ஏழே முக்காலுக்கு மேல்தான் சூரியனே உதிக்கும். ஏழரைக்கு அங்கே ராகு காலம் எப்படித் தொடங்கும்? அந்த ஊர் விடியலை வைத்துக் கணக்கிட்டால் ஒன்பதுக்குச் சற்று முன் தொடங்கிப் பத்து மணியளவில் முடிகிறது. தன் ஊருக்கான சரியான நேரம் கிடைக்குமென்றால் அங்கிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஐந்து டாலர் தரத் தயங்காது. பொள்ளாச்சிக்காரருக்கு அந்த வசதியே தேவையில்லை, அவருக்கு ஓரமாய் ஒரு பேனர் போதும்.