இங்கிலீஷ் லிட்டரரி டெர்ம்ஸ் படிக்க எளிய வழி: தமிழ் அணியிலிருந்து தொடங்குங்கள்

சிமிலி, மெட்டஃபர், பெர்சனிஃபிகேஷன், ஆனமாட்டபீயா என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தை மனப்பாடம் செய் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் வெறுப்புதான் வரும். பரீட்சைக்கு முதல் நாள் ஒப்பித்துவிடலாம், ஆனால் இதுவரை பார்க்காத ஒரு கவிதை வரியைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பேனா நகராது.

தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் தேவையே இல்லை. உவமை, உருவகம், மோனை, இயைபு எல்லாம் நம் தமிழ்ப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமவியல் என்று தனி இயல் உண்டு. அந்த அறிவை அப்படியே இங்கிலீஷ் வகுப்புக்குள் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, இரண்டும் எல்லா இடத்திலும் அச்சு அசலாகப் பொருந்தாது. எங்கே விலகுகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வதுதான் இதில் முக்கியமான வேலை, இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

படி 1: ஆறு சொல் போதும்

ஒரு நோட்டு எடுங்கள். சிமிலி, மெட்டஃபர், பெர்சனிஃபிகேஷன், அலிட்டரேஷன், ஆனமாட்டபீயா, ஹைப்பர்பலி, இந்த ஆறுக்கும் ஆளுக்கொரு பக்கம். பக்கத்தின் மேலே இங்கிலீஷ் ஸ்பெல்லிங், பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கீழே தமிழில் அதற்கு நெருங்கிய பெயர், அதற்கும் கீழே எங்கே வேறுபடுகிறது என்று ஒரு வரி, கடைசியாக நீங்களே எழுதிய ஒரு உதாரணம். கைடில் இருக்கிற விளக்கத்தைப் பார்த்து எழுத வேண்டாம். அந்த வாசகம் உங்களுடையது இல்லை, அதனால் மனதில் தங்காது.

உச்சரிப்பை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். எழுத்தைப் பார்த்து சிமைல் என்று சொல்கிறவர்கள் நிறைய, சரியானது சிமிலி. அதேபோல ஹைப்பர்போல் இல்லை, ஹைப்பர்பலி. எல்லோரையும் பயமுறுத்துகிற ஆனமாட்டபீயாவை ஆன, மாட்ட, பீயா என்று மூன்றாக உடைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்பெல்லிங்கில் வால் பகுதிதான் குழப்பும், அங்கே போயம் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்தான பி, ஓ, இ வரும், அப்புறம் ஐ, ஏ. இது வெறும் ஞாபகக் குறி இல்லை, போயம், ஆனமாட்டபீயா இரண்டுமே 'உருவாக்குதல்' என்று பொருள்படும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. ஆனமாட்டபீயா என்றால் பெயர் உருவாக்குதல் என்று அர்த்தம்.

படி 2: சிமிலியும் மெட்டஃபரும்

இங்கே அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

சிமிலி என்றால் உவமை. தமிழில் போல, அன்ன, நிகர்த்த என்று உவம உருபு வருவது மாதிரி இங்கிலீஷில் லைக் வரும், அல்லது 'ஆஸ் பிரேவ் ஆஸ் எ லயன்' என்பது போல இரண்டு ஆஸ் வரும். இவ்வளவுதான் என்று நினைத்து லைக் கண்ட இடமெல்லாம் சிமிலி என்று எழுதிவிடுகிறார்கள், மார்க் போவது அங்கேதான். 'ஐ லைக் ரெயின்' என்பதில் இருக்கும் லைக், பிடிக்கும் என்ற பொருளில் வரும் வினைச்சொல். 'ஷி லுக்ஸ் லைக் ஹர் மதர்' என்பதில் ஒப்புமை இருக்கிறது, ஆனாலும் அது வெறும் தகவல், மகள் அம்மா ஜாடையில் இருக்கிறாள், அவ்வளவே. சிமிலி என்று சொல்ல வேண்டுமானால் ஒப்பிடப்படுகிற இரண்டும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும், பாட்டிக்கும் பஞ்சுக்கும் மாதிரி, குரலுக்கும் மணிக்கும் மாதிரி.

மெட்டஃபர் உருவகம். இதற்கு நம் தமிழ் இலக்கணத்தில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், அது உவமைத்தொகை. அதையே திருப்பிப் போட்டு முகமதி என்று சொன்னால் முகமாகிய மதி, இப்போது உருவகம். முதலாவதில் முகம் முகமாகவே இருக்கிறது, நிலவோடு ஒப்பிட்டோம். இரண்டாவதில் முகத்தையே நிலவு ஆக்கிவிட்டோம். இங்கிலீஷில் இதே வித்தியாசத்தை லைக் என்ற ஒரு சொல் செய்கிறது. 'தி கிளாஸ்ரூம் வாஸ் லைக் எ ஜூ' என்றால் சிமிலி. அந்த லைக்கை எடுத்துவிட்டு 'தி கிளாஸ்ரூம் வாஸ் எ ஜூ' என்று சொல்லுங்கள், வகுப்பறையே மிருகக்காட்சிசாலை ஆகிவிட்டது, அது மெட்டஃபர்.

வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற மெட்டஃபரும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைதான் முன்னே போகும். 'ஹி பார்க்ட் அட் மீ' என்ற வரியில் நாய் என்ற சொல்லே கிடையாது, ஆனால் பார்க் என்றால் குரைப்பது, அந்த ஒரு வினை அந்த ஆளை நாயாக்கிவிட்டது. தமிழில் அவன் என் மேல் எரிந்து விழுந்தான் என்று சொல்கிறோமே, அங்கே எது எரிந்தது, யார் விழுந்தார்கள்? கோபம் தீயாகிவிட்டது. தினமும் நாம் பேசுகிற பேச்சிலேயே இப்படி நூறு உருவகம் இருக்கிறது, பேர் வைத்துக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

படி 3: பெர்சனிஃபிகேஷனை அவசரமாக மொழிபெயர்க்காதீர்கள்

பெர்சனிஃபிகேஷன் என்றால் தற்குறிப்பேற்ற அணி என்று நிறையப் பேர் எழுதிவைத்துக்கொள்கிறார்கள், அது பாதிதான் சரி. மனிதன் அல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலையோ உணர்ச்சியையோ கொடுப்பது பெர்சனிஃபிகேஷன். காற்று சன்னலைத் தட்டிக் கூப்பிட்டது என்றால் போதும். தற்குறிப்பேற்றம் இன்னும் ஒரு படி மேலே போகும். இயல்பாக நடக்கிற ஒரு நிகழ்ச்சிக்குக் கவிஞர் தானாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். மழை தன் பாட்டுக்குப் பெய்கிறது, ஊரை விட்டுப் போகிறவனைப் பிரிய முடியாமல் வானம் அழுகிறது என்று சொன்னால் அது தற்குறிப்பேற்றம். வானம் அழுவதால் இங்கிலீஷ்காரர் பார்வையில் அது பெர்சனிஃபிகேஷனும்தான், ஆனால் சன்னலைத் தட்டிய காற்றுக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை, அதனால் அது தற்குறிப்பேற்றம் ஆகாது. நோட்டில் 'எங்கே வேறுபடுகிறது' என்ற வரியில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: காதால் படிக்க வேண்டியவை

அலிட்டரேஷனுக்கு மோனை, அதாவது முதல் ஒலி ஒன்றிவருவது, ரைமுக்கு இயைபு, அதாவது கடைசி ஒலி ஒன்றிவருவது. எதுகையை ரைம் என்று எழுதிவிடாதீர்கள். எதுகை வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் ஒன்றுவது, இங்கிலீஷ் ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வருவது, இயைபுத் தொடையும் கடைசியில்தான்.

தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் கைகோத்துப் போகும், அதனால் கண்ணால் பார்த்தே மோனையைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கம் இங்கிலீஷில் காலை வாரிவிடும். ஜிராஃப், கேம் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஒலி வேறு, எனவே அலிட்டரேஷன் இல்லை. ஃபோன் பி, எச் எழுத்தில் தொடங்குகிறது, ஃபிஷ் எஃப் எழுத்தில், ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒலி, எனவே அலிட்டரேஷன். இன்னொன்று, தமிழ் மோனையில் சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் என்று இன எழுத்துகளுக்கும் இடம் உண்டு, இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது.

ரைமிலும் இதே கதை. லவ், மூவ் இரண்டுக்கும் ஸ்பெல்லிங்கின் வால் ஒன்றே, வாயால் சொன்னால் சேரவில்லை. கிரேட், வெயிட் இரண்டும் எழுத்தில் சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன, காதில் கச்சிதமாகச் சேர்கின்றன. ரைம் ஸ்கீம் கேட்டால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் சத்தமாகச் சொல்லுங்கள். முதல் ஒலிக்கு ஏ, புது ஒலி வந்தால் பி, பழைய ஒலி திரும்பி வந்தால் அதன் பழைய எழுத்து. நைட், மூன், லைட், சூன் என்று நான்கு வரிகள் முடிந்தால் ஏ, பி, ஏ, பி. பரீட்சை அறையில் சத்தமாகச் சொல்ல முடியாதே என்றால், உதட்டை அசைத்துச் சொல்லிப் பாருங்கள், அதுவே போதும்.

ஆனமாட்டபீயாவுக்கு இரட்டைக்கிளவி என்று பொதுவாகச் சொல்வார்கள். சலசல, மடமட, தடதட எல்லாம் ஒலியிலிருந்து பிறந்தவை, சரி. ஆனால் பளபள கண்ணுக்கு, கமகம மூக்குக்கு, அவற்றில் ஒலியே இல்லை. இங்கிலீஷில் பஸ் (வண்டி இல்லை, வண்டு ரீங்கரிக்கிற ஒலி), ஹிஸ், ஸ்பிளாஷ், கிளாங் என்று ஒலியைப் போலவே ஒலிக்கிற சொல் மட்டும்தான் கணக்கு, இரட்டிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

படி 5: அடுத்த சுற்று

ஆறில் மீதி இருப்பது ஹைப்பர்பலி மட்டும்தான், அதையும் முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். ஹைப்பர்பலி உயர்வு நவிற்சிதான், உனக்காக ஆயிரம் வருஷமாகக் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி, அதில் குழப்பமே இல்லை. ஆக்சிமோரான் முரண்பட்ட இரண்டு சொற்களை ஒட்டவைப்பது, சுகமான சுமை என்று சொல்கிறோமே அதுபோல. முரண் ஒரு முழு வாக்கியமாக விரிந்தால் அது பேரடாக்ஸ்.

ஐரனிதான் வழுக்குகிற இடம். வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதினால் அதில் ஒரு வகைதான் வரும், வெர்பல் ஐரனி, சொல்வது ஒன்றும் கருதுவது வேறொன்றுமாக இருப்பது. தீயணைப்பு நிலையமே தீப்பிடித்து எரிந்தால் சிச்சுவேஷனல் ஐரனி. கதவுக்குப் பின்னால் வில்லன் நிற்பது பார்க்கிற நமக்குத் தெரியும், கதாநாயகனுக்குத் தெரியாது, அது டிரமாட்டிக் ஐரனி. வெறும் துரதிர்ஷ்டம் ஐரனி ஆகாது. விளையாடப் போகும்போது மழை வந்தால் அது மழை, எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழாக ஒன்று நடந்தால்தான் ஐரனி.

டோன், மூட் இரண்டையும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள், எழுதியவருடைய குரல் டோன், படிக்கிறவருக்குள் பரவுகிற உணர்வு மூட். தீம் கேட்டால் ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். நட்பு என்பது தலைப்பு, கஷ்டத்தில்தான் நட்பு தெரியும் என்று முழு வாக்கியமாகச் சொன்னால் தீம்.

படி 6: பதில் எழுதுவது

பெயரைக் கண்டுபிடித்தால் பாதி மார்க், அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் மீதி. ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்: 'தி ஓல்ட் கேட் கிரம்பிள்ட் ஆஸ் ஐ புஷ்ட் இட்.' பழைய கேட்டை நான் தள்ளியபோது அது முணுமுணுத்தது.

ஆஸ் இருக்கிறதே, சிமிலியா? இல்லை, இங்கே ஆஸ் என்றால் அப்போது என்ற பொருள், எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. கிரம்பிள்ட் என்ற சொல்லைப் பிடியுங்கள். சலித்துக்கொண்டு முணுமுணுப்பது மனிதர் செய்கிற வேலை, கேட் செய்யாது, ஆகவே பெர்சனிஃபிகேஷன். இனி, கேட் ஏன் முணுமுணுக்கிறது? கீல் துருப்பிடித்திருக்கிறது, ரொம்ப நாளாக யாரும் திறக்கவில்லை, தூங்குகிற கிழவரை எழுப்பின மாதிரி, வந்தவரை அந்த இடம் வரவேற்கவில்லை. இத்தனையும் ஒரே சொல்லில் இருக்கிறது. பதிலை இப்படி எழுதலாம்: 'தி ரைட்டர் யூசஸ் பெர்சனிஃபிகேஷன் இன் தி வேர்ட் கிரம்பிள்ட். இட் சஜெஸ்ட்ஸ் தட் தி கேட் இஸ் லைக் எ டயர்ட் ஓல்ட் மேன் ஹூ டஸ் நாட் வெல்கம் விசிட்டர்ஸ்.' பெயர், அந்தச் சொல், விளைவு, மூன்றும் வந்துவிட்டன. சஜெஸ்ட்ஸ், கன்வேஸ், எம்ஃபசைஸஸ், இந்த மூன்று வினைகளையும் பழகிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பதிலிலும் ஷோஸ், ஷோஸ் என்றே எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தினம் ஒரே ஒரு வரி போதும். பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே நடத்தி முடித்த கவிதையாகவே இருக்கட்டும், ஒரு வரியை எடுத்து, எந்தச் சொல் வேலை செய்கிறது என்று அடிக்கோடிட்டு, மேலே சொன்ன மாதிரி இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சாதாரணமான ஒன்றைப் போட்டுப் படியுங்கள். கிரம்பிள்ட் இருந்த இடத்தில் ஓப்பன்ட் என்று போட்டால் கேட் வெறுமனே திறக்கும், அந்தக் கிழவர் காணாமல் போய்விடுவார். எது போயிற்றோ அதுதான் நீங்கள் எழுத வேண்டிய விளைவு.