கன்று நடும் முன் வாய்க்கால் வெட்டுங்கள்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கன்று நட ஆசையாய் வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: "கூடையைக் கீழே வைங்க தம்பி. தண்ணி எங்க தேங்குதுன்னு முதல்ல பாருங்க."

முன்பு மரத்தை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து, உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. கடல் ஏற்றத்தில் நுழையும் தண்ணீர் வற்றத்தில் வெளியேறாது. தேங்கி, வற்றி, உப்பு மட்டும் மிஞ்சும். அங்கே நடுவது காசைச் சேற்றில் போடுவதுதான்.

வனத்துறை அனுமதி வாங்கிவிட்டு, பக்கத்து ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால் வெட்டுங்கள். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். பார்க்க மீன்முள் மாதிரி இருக்கும். கரையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்குங்கள். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதையைச் சரிவின் நடுவில் ஊன்றுங்கள்: அடியில் மூழ்கும், உச்சியில் காயும். மழைக்காலத்தில் உப்பு இறங்கியிருக்கும், அப்போது நடுவதே நல்லது.

தண்ணீர் ஓடத் தொடங்கினால் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் தானே ஏறி வரும். அந்தக் குஞ்சுகளைப் பிடிக்க வாய்க்கால் வாயில் கொசுவலை கட்ட யாராவது வருவார்கள், விடாதீர்கள். பெரிய மீனையும் விட்டுவையுங்கள். கொடுவா மீன் பெரும்பாலும் முதலில் ஆண், பெருத்த பிறகுதான் பெண். பெரிய மீன்களையே குறிவைத்துப் பிடித்தால் முட்டை யார் இடுவது?

வண்டல் அடைத்த வாய்க்காலை மறக்காமல் தூர் வாருங்கள். நட்டதோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.