மானிய பட்ஜெட் படிவம்: பள்ளிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கூட்டல் பிழை, விடுபட்ட கையொப்பம், தவறிப்போன கடைசி நாள் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைக் கவனிக்க அலுவலகத்தில் யாராவது இருப்பார்கள். மேம்பாட்டுத் திட்ட மானியத்துக்கு முதல்முறையாக விண்ணப்பிக்கும் இரண்டு பள்ளிகளின் படிவங்களை அண்மையில் பார்த்துக் கொடுத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே கட்டங்களில்.

பழைய செலவைப் புதிய மானியத்தில் ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. இத்தகைய மானியங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை உண்டு: பள்ளி ஏற்கெனவே செய்துவரும் செலவுக்கு மேல்தான் மானியம் சேர வேண்டும், அந்தச் செலவுக்குப் பதிலாக வரக் கூடாது. உறுதிமொழிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பள்ளியில் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கென ஓர் ஆசிரியை இருந்தார். பொது நிதியிலிருந்து சம்பளம் போய்க்கொண்டிருந்தது. வந்ததோ வாசிப்பு மேம்பாட்டு மானியம். அவருடைய சம்பளத்தை மானியத்தில் எழுதிவிட்டு, மிச்சமாகும் பொது நிதியில் கூரையைப் பழுதுபார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. படிவம் கொடுக்கும்போது எவரும் தடுக்காததால்தான் இந்தத் தவறு இவ்வளவு ஆபத்தானது. இரண்டாம் ஆண்டுத் தணிக்கையில் ஒரே ஒரு கேள்வி வந்தது: மானியத்துக்கு முந்தைய ஆண்டு இவருக்கு எந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுத்தீர்கள்? பதில் எங்கள் சம்பளப் பதிவேட்டிலேயே இருந்தது. முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்தச் சொன்னார்கள். பணமோ கூரைக்குப் போய்விட்டது. மாலை நேர வகுப்புகளை நிறுத்தித்தான் அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்தினோம். அந்த வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஆசிரியையிடம் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தவர்கள்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் நின்று கேளுங்கள்: மானியம் வராவிட்டால் இந்தச் செலவை யார் செய்வார்? பள்ளிதான் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். இருக்கும் ஆசிரியரே திட்டத்திலும் உழைக்கிறார் என்றால், விதி இடம் கொடுத்தால், கூடுதல் மணிநேரத்தை மட்டும் எழுதுங்கள். பணிநேரப் பதிவை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். ஆண்டு முடிவில் ஒரே மூச்சில் எழுதிய பதிவேடு பார்த்தவுடனே தெரிந்துவிடும். மானியம் வராவிட்டால் அந்த ஆசிரியரின் பணியிடமே நீக்கப்பட இருந்தது என்று வாதிடுவதானால், விண்ணப்பத்துக்கு முந்தைய தேதியிட்ட நிர்வாகக் குழுத் தீர்மானம் கையில் இருக்க வேண்டும்.

சம்பளத்தை மட்டும் எழுதுவது

நிர்வாகம் செலுத்தும் ஓய்வூதியப் பங்கும் காப்பீடும் செலவுதான். திட்டத்துக்கு 40 சதவீத நேரம் உழைப்பவருக்கு இவற்றிலும் 40 சதவீதம் எழுதுங்கள்.

'இதர செலவுகள்'

காலியாக விடுங்கள்.

கருவியை எழுதி, அதன் பராமரிப்பை மறப்பது

மடிக்கணினிக்கு விலைப்புள்ளி வாங்கி எழுதுகிறார்கள். மென்பொருள் உரிமம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி எதுவும் இருக்காது. 3 ஆண்டு மானியம் முடிந்தபின் உரிமத்தை யார் புதுப்பிப்பது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதை மதிப்பீட்டாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

மானியத்தின் தொடக்கத் தேதிக்கு முன் வாங்குவது

ஒப்புதல் கடிதம் வரட்டும். அதில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விளக்கம் ஒன்று, எண் வேறொன்று

திட்ட விளக்கத்தில் 30 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பட்ஜெட்டில் 20 பேருக்கான கட்டணம். நான் பார்த்த இரண்டு படிவங்களிலும் இப்படி ஒன்று இருந்தது. விளக்கத்தை ஒருவரும் பட்ஜெட்டை இன்னொருவரும் தனித்தனி அறைகளில் எழுதியிருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் விளக்கத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அந்தந்தத் தொகையில் விரல் வைத்துக்கொண்டே வரட்டும். விரல் வைக்க இடமில்லாத வாக்கியத்தை நீக்குங்கள், அல்லது அதற்கான வரியைச் சேருங்கள்.