ஓவர்ரைடு செய்யும்போது சத்தமில்லாமல் நுழையும் தவறுகள்

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் படகுகளை வைத்து, கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் ஜாவாவில் ஒரு ப்ராஜெக்ட் எழுதி என்னிடம் காட்டினார்கள். ‘படகு’ என்று ஒரு பேஸ் க்ளாஸ், அதாவது மற்ற வகைகளுக்குத் தாயாக நிற்கும் க்ளாஸ். அதற்குக் கீழே விசைப்படகு, கட்டுமரம். தேதியைக் கொடுத்தால் கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்ல, க்ளாஸுக்குள் ஒரு மெத்தட் (செயல்). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகக் கூடாது. அதற்காக விசைப்படகு க்ளாஸில் அந்த மெத்தடை மாற்றி எழுதியிருந்தார்கள். தாய் க்ளாஸின் மெத்தடைக் கீழே இப்படி மாற்றி எழுதுவதுதான் ஓவர்ரைடு. மே 10ஐக் கொடுத்துப் பார்த்தோம். விசைப்படகு போகலாம் என்றது!

பேஸ் க்ளாஸ் மெத்தட் தேதியை லோக்கல்டேட் என்ற தேதி வகையாக வாங்குகிறது. விசைப்படகில் அதையே ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர், என்று எழுதிவிட்டார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வாங்கும் வகை மாறினால் அது ஓவர்ரைடு இல்லை, ஓவர்லோடு. அதே பெயரில் இன்னொரு மெத்தட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். லோக்கல்டேட்டைக் கொடுத்துக் கூப்பிட்டால் பழையதுதான் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. இரண்டு பொருள்கள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடுக்கு, வாங்கும் வகையாக ஆப்ஜெக்ட் என்று போடாமல் சொந்த க்ளாஸ் பெயரைப் போடுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். மெத்தடுக்கு மேலே @ஓவர்ரைடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே நிறுத்தியிருக்கும். 2004இல் ஜாவா 5இலேயே வந்த வசதி இது. சி பிளஸ் பிளஸில் 2011 தரத்திலிருந்து இருக்கிறது. கோட்லினில் ஓவர்ரைடு என்று எழுதுவது கட்டாயம். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

சரி, அதைத் திருத்தினோம். அப்புறம் இன்னொன்று வெளியே வந்தது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பேஸ் க்ளாஸ் மெத்தட்தான் பார்க்கிறது. விசைப்படகின் மெத்தட் தடைக்காலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுகிறது, சூப்பரைக் (தாய் க்ளாஸின் மெத்தடை) கூப்பிடுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்தத் தேதியையும் ஏற்றிய கூண்டையும் கொடுத்தால் இந்த நிரல் ‘போகலாம்’ என்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலிருப்பதை முழுக்க மாற்றுகிறோமா, அதனோடு ஒன்றைச் சேர்க்கிறோமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சேர்ப்பதாக இருந்தால் சூப்பர் வேண்டும்.

ஸ்டாட்டிக் மெத்தடையும் (க்ளாஸுக்கே உரியது) ப்ரைவேட் மெத்தடையும் (க்ளாஸுக்கு வெளியே தெரியாதது) ஜாவாவில் ஓவர்ரைடு செய்ய முடியாது. பேஸ் க்ளாஸ் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து (பொருளை முதலில் உருவாக்கும் பகுதி) ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தடைக் கூப்பிடாதீர்கள். ஜாவாவில் சப் க்ளாஸின் மெத்தட் ஓடும். ஆனால் அதன் தடைக்காலத் தேதிகள் அப்போது இன்னும் மதிப்பு ஏறாமல் வெறுமையாகவே (null) இருக்கும். சி பிளஸ் பிளஸில் பேஸ் க்ளாஸின் மெத்தடே ஓடும்.

கடைசியாகக் கட்டுமரம். பேஸ் க்ளாஸில் ‘டீசல் நிரப்பு’ என்று ஒரு மெத்தட் இருந்தது. கட்டுமரத்தில் எஞ்சின் ஏது? அதனால் அங்கே ஓவர்ரைடு செய்து எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீச வைத்திருந்தார்கள். படகு என்று நம்பிக் கூப்பிடுகிற இடமெல்லாம் அங்கே உடையும். தாய் க்ளாஸ் நிற்கும் இடத்தில் சேய் க்ளாஸை வைத்தாலும் நிரல் பிசகக் கூடாது என்பது கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்த கருத்து. டீசலை ‘எஞ்சின் படகு’ என்ற இடை க்ளாஸுக்கு இறக்கி, விசைப்படகை அதன்கீழ் வைத்தோம். கட்டுமரம் இப்போது நேராகப் படகின்கீழ் இருக்கிறது.