நீளமான ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாலை வகுப்பில் ஒரு பையன் 'ஸ்ட்ரெங்த்' என்று நோட்டில் தமிழில் எழுதி, விரல் விட்டு எண்ணி, "அஞ்சு அசை சார்" என்றான். ஆங்கிலம் கற்க ஆரம்பித்த புதிதில் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

எழுத்தை எண்ணுவது

அசை, அதாவது 'சிலபிள்', எத்தனை என்று அறிய உயிரொலியை எண்ண வேண்டும். ஸ்ட்ரெங்த்தில் இருப்பது ஓர் எகரம், ஆகவே ஓர் அசை. நம் யாப்பிலும் ஒற்று தனியாக அசையாகாதே! 'ஸ்கூல்' ஓரசைதான், 'இஸ்கூல்' என்றால் இரண்டாகிவிடும்.

அழுத்தம் ஒரே இடத்தில் நிற்கும் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். 'போட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'போட்டோகிராஃபி' என்றதும் அது இரண்டாம் அசைக்குத் தாவுகிறது: ஃப-டா-க்ர-ஃபி. முதலில் கணீரென்று ஒலித்த ஓகாரம் தேய்ந்து மங்கலான அகரமாகிவிடும். 'போட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாம் அசை. பெரும்பாலும் இதைத் தீர்மானிப்பது விகுதிதான். சொல் 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை அழுத்துங்கள். 'இன்ஜினியர்', 'வாலண்டியர்' போன்றவற்றில் கடைசி அசையையே அழுத்த வேண்டும்.

என் முதல் தொலைபேசி நேர்காணலில் 'எகானமி' என்ற சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொன்னேன். அழுத்தம் விழ வேண்டியது 'கா'வில். எதிர்முனையில் இருந்தவர் மூன்று முறை "சாரி?" என்றார். குரல் கேட்கவில்லை போல என்று நினைத்து, அதே தப்பான இடத்தை இன்னும் சத்தமாக அழுத்தினேன். அந்த வேலை கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான சொற்களுக்கு அர்த்தம் மனப்பாடம் செய்யவைத்தார்கள். எந்த அசையை அழுத்துவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. புதுச்சொல்லை நோட்டில் எழுதும்போதே அழுத்தும் அசையின் கீழ் கோடு போடுங்கள். அப்புறம் அதன் குடும்பத்துச் சொற்களையும் பக்கத்திலேயே எழுதி, கோடு எங்கே நகர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'எகனாமிக்'கில் அது மூன்றாம் அசைக்குப் போய்விடும்.

சொல்லின் பாகமும் அசையும் ஒன்று என்று நினைப்பது

'ஹெலிகாப்டர்' வாய்க்கு ஹெ-லி-காப்-டர். ஆனால் சொல் பிறந்த விதம் வேறு: கிரேக்கத்தில் சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', இறக்கையைக் குறிக்கும் 'ப்டெர்'. 'காப்டர்' என்று ஒரு பாகமே அதில் இல்லை. பொருள் தேடும்போது ஒரு வெட்டு, உச்சரிக்க இன்னொரு வெட்டு.

அகராதியில் சொல்லுக்குள் வரும் புள்ளிகள்

அவற்றை அசைப் பிரிப்பு என்று நினைக்காதீர்கள். அவை வரி ஓரத்தில் சொல்லை ஒடிக்கத்தான். உச்சரிப்புக்கு அடைப்புக்குள் பாருங்கள்.

எழுதியிருப்பதையெல்லாம் ஒலிப்பது

'கம்ஃபர்டபிள்' பேச்சில் மூன்றே அசை: கம்ஃப்-ட-பிள்.