புயல் எவ்வளவு மணலைத் தின்றது? இரண்டு கம்பும் கயிறும் கொண்டு அளக்கலாம்

புயல் ஓய்ந்த மறுநாள் கரை செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும். மணலெல்லாம் போய்விட்டதாகவே தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி பக்கத்திலேயே கிடக்கக்கூடும். புயல் அலைகள் உயரமானவை, நெருக்கி வருபவை. ஏறிய நீர் மணலுக்குள் இறங்குமுன் அடுத்த அலை வந்துவிடுவதால், திரும்பும் நீர் மணலை வாரிப்போய் சற்று ஆழத்தில் திட்டாகக் கொட்டுகிறது. அமைதியான நாட்களின் நீண்ட அலைகள் அதை மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது. 1961-இல் கடல் நிலவியலாளர் எமரி வெளியிட்ட எளிய முறை இதற்குப் போதும்.

1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு நேரான கம்புகள் எடுத்து, உச்சியை 0 என வைத்துக் கீழ்நோக்கி ஒவ்வொரு செ.மீ.க்கும் கோடிடுங்கள். அடியில் சிறு பலகை அறையுங்கள். இல்லையென்றால் ஈர மணலில் கம்பு புதைந்து கணக்கைக் கெடுக்கும். கம்புகளுக்கு இடையே நனைந்தாலும் நீளாத 1.5 மீட்டர் கயிறு.

அலை எட்டாத பாறையிலோ தூணிலோ தொடக்கப் புள்ளியைக் குறியுங்கள். அது நகர்ந்தால் பழைய அளவெல்லாம் வீண். கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில், அங்கிருந்து கரைக்குச் செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்குங்கள். கயிறு கிடைமட்டமாக, விறைப்பாக இருக்கட்டும். கரைப்பக்கக் கம்பின் அருகே நின்று, கடல்பக்கக் கம்பின் உச்சி தொடுவானக் கோட்டோடு சேரும்வரை கண்ணைத் தாழ்த்துங்கள். அந்தப் பார்வைக்கோடு உங்கள் கம்பை 12 செ.மீ.யில் வெட்டினால் தரை 12 செ.மீ. இறங்கியிருக்கிறது. ஏற்றமாக இருந்தால் உங்கள் கம்பின் உச்சிவழியே தொடுவானத்தைப் பார்த்து, எதிர்க்கம்பில் அளவெடுங்கள். பின்கம்பை முன்கம்பு நின்ற அதே இடத்துக்கு நகர்த்தித் தொடருங்கள். கம்பு சாய்வதுதான் அடிக்கடி நேரும் தவறு: ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக 1 செ.மீ. பிசகினால் 40 அளவுகளில் 40 செ.மீ. ஆகிவிடும்! மூடுபனியில் தொடுவானம் தெரியாவிட்டால் அன்று அளக்காதீர்கள்.

புயலுக்கு முன் ஒருமுறை, அலை அடங்கியதும் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். 30 மீட்டர் நீளத்துக்குச் சராசரியாக 30 செ.மீ. தாழ்ந்திருந்தால், கரையோரமாக ஒவ்வொரு மீட்டருக்கும் 9 கன மீட்டர் மணல் போயிருக்கிறது. மேற்கரை தாழ்ந்து நீரோரம் உயர்ந்திருந்தால் பொறுத்திருங்கள், மணல் அருகிலேயே இருக்கிறது. மாதங்கள் கடந்தும் முழுக்கோடும் தாழ்ந்தே இருந்தால், சாய்வாக வரும் அலைகள் கரையோரமாகவே அதைத் தள்ளிச் சென்றிருக்கலாம். இருபுறமும் 100 மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு கோடுகள் அளந்தால் எந்தப் பக்கம் போனது என்பது தெரியவரும்.

வெட்டுப்பட்ட மணல்விளிம்பின் அடியில் மட்டும் நிற்காதீர்கள், சொல்லாமல் சரியும்.