சோக்கைக் கழற்றும் முன் டியூப்பைப் பாருங்கள்

"சோக் போயிடுச்சு" என்று சொல்லித்தான் எல்லோரும் கடைக்கு வருகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே டியூப்லைட் பட்டியில் மூன்று எலக்ட்ரானிக் சோக் (டியூப்பைப் பற்றவைத்து ஓட்டும் சர்க்யூட்) அடுத்தடுத்துப் போனது. மூன்றாவதை மாட்டியது நான்தான். அதற்குக் காசு வாங்கவில்லை. இரு முனையும் கறுத்துப்போன பழைய டியூப்தான் மூன்றையும் தின்றிருக்கிறது.

டியூப்பின் இரு முனையிலும் உள்ள இழையில் எலக்ட்ரானை வெளிவிடும் பூச்சு இருக்கும்; அது தீர்ந்த டியூப் லேசில் பற்றாது. மலிவு சோக்கில் அதைக் கவனிக்க ஒன்றும் கிடையாது. டிபி3 டையாக் என்ற சின்ன பாகம் சுமார் 32 வோல்ட்டில் ஒரு தட்டு தட்டி சர்க்யூட்டைக் கிளப்பிவிடும். அப்புறம் சின்ன ஃபெரைட் வளையம் இரண்டு 13005 டிரான்சிஸ்டரையும் மாறி மாறி ஓட்டும். டியூப் பற்றாவிட்டால் காயிலும் கெப்பாசிட்டரும் ஒத்ததிர்வில் கரண்ட்டை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் டிரான்சிஸ்டர் வெடிக்கும்.

நல்ல சோக்கில் ஐஆர்2156 மாதிரி ஒரு ஐசி காவல் இருக்கும். இதில் டிரான்சிஸ்டருக்குப் பதில் மேலும் கீழுமாக இரண்டு மாஸ்ஃபெட் இருக்கும்; கீழ் மாஸ்ஃபெட்டுக்கும் கிரவுண்டுக்கும் (சர்க்யூட்டின் மைனஸ்) நடுவில் உள்ள சிறிய ரெசிஸ்டரில் வோல்ட் எல்லை மீறினால் ஓட்டத்தை நிறுத்திவிடும். கீழ் இழை வழியாக டியூப் இருக்கிறதா என்றும் பார்க்கும்; கழற்றினால் நிற்கும், புதிது மாட்டினால் தானே கிளம்பும். ஆகவே பற்ற முயன்று உடனே அணைந்தால் முதலில் டியூப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த ரெசிஸ்டரைக் கம்பியால் ஷார்ட் செய்து "சரிசெய்த" சோக்குகளும் என்னிடம் வந்திருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதலில் மீட்டரில் இரண்டு இழையையும் பாருங்கள். 36 வாட் டியூப்பில் சில ஓம் காட்டும். காட்டினாலும் பூச்சு இருக்கிறதென்று அர்த்தமில்லை, நன்றாக எரியும் வேறொரு டியூப்பைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால்தான் சோக்கைத் திறக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்குங்கள். இறங்கியதா என்று மீட்டரிலும் பாருங்கள். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் இரண்டையுமே மாற்றி, பேஸ், எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதியுங்கள்.

நேரடியாக மெயினில் போடாமல் 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மங்கலாக இருந்தால் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் டிசியை ஒட்டி இருக்கிறதா, இரண்டு டிரான்சிஸ்டரும் சேரும் இடத்தில் அதில் பாதி வருகிறதா என்று பாருங்கள். இந்த சர்க்யூட்டின் மைனஸ் எர்த் இல்லை, அதிலும் ஷாக் அடிக்கும். ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் மாட்டி ஒருமுறை கடை முழுக்க இருட்டாக்கினேன்.

ஐசி வைத்த சோக் என்றால் காவலையும் சோதியுங்கள். ஓடும்போது கீழ் மாஸ்ஃபெட்டின் கேட்டில் (ஐசி அதை ஓட்டும் கால்) மீட்டர் ஆறேழு வோல்ட் டிசி காட்டும். ஆஃப் செய்து, டியூப்பைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். அங்கே பூஜ்யம் காட்டினால் பட்டியை மூடலாம்.